கால்பந்தும் நம் பெண்மக்களும்



பதின்மூன்று வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்ட பெண்மக்கள், உயர்நிலைப் பள்ளியின் அணியிலோ ஊர்க் கழகத்தின் அணியிலோ சேர்ந்து கால்பந்து ஆடலாமா, ஆடலாகாதா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். ‘இதில் ஐயுறுவதற்கு என்ன இருக்கிறது? உலகமெங்கும் ஆடுகிறார்களே!’ என்று சென்னையில் இருப்பவர் கேட்கக்கூடும். போடிநாயக்கனூரில் இருப்பவர் அவ்வாறு எளிதில் கேட்டுவிடமாட்டார். இங்கே இஃது இன்னும் வீட்டு வாசலில் நின்று பேசித் தீர்க்கவேண்டிய வழக்காகவே இருக்கிறது. வழக்குத் தொடுப்பவள் பெரும்பாலும் தாய். அவளுக்கு விடை கூறாமல் உலகத்துக்கு விடை கூறிப் பயனில்லை. ஆகவே, அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தே நான் பேசப் போகிறேன்.

அவள் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வைகறைப் பொழுதில் போடியின் தெருக்களில் நின்று பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஜீப்புகள் வந்து நிற்கும். தூக்குச் சட்டியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து ஏறுவர். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் அவற்றுக்கு அப்பாலும் உள்ள ஏலத் தோட்டங்களுக்கு அவ்வண்டிகள் செல்லும். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் ஓங்கி வளர்வது. ஆயினும், அது காய்ப்பது உச்சியில் அன்று. தூரின் அடியில், தரையை ஒட்டிப் படரும் சரங்களில் காய்க்கிறது. ஆகவே, காய் எடுப்பவள் பகல் முழுதும் குனிந்தே நிற்கவேண்டும். விளைந்த காயை மட்டும் பறித்து, இளங்காயை விட்டுவிடவேண்டும். ஏறத்தாழ நாற்பது நாளில் அதே செடிக்குத் திரும்பி வரவேண்டும். கீழே ஈர மண். மழைக்காலமானால் அட்டைக் கடி. இருட்டும் வேளையில் அவள் மலையிறங்கி வீடு சேருகிறாள். மலைக்குச் செல்லாத பெண்களோ ஊருக்குள்ளேயே அமர்ந்து, காய்களை நிறம் பார்த்தும் பருமன் பார்த்தும் தரம் பிரிக்கின்றனர். ஏலத்தை ஏலம் விடும் ஊர் என்று போடியைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்த ஏலக்கூடத்துக்கு வரும் ஒவ்வொரு காயும் ஒரு பெண்ணின் விரல்பட்டே வருகிறது.

இந்தத் தாய்தான், நான் உடற்பயிற்சி ஆசிரியையாய் இருந்த காலத்தில், ஒன்பதாம் வகுப்பில் பயிலும் தன் மகளை அணியில் சேர்க்க இசைவு கேட்டபோது என்னைப் பார்த்து, “டீச்சர், பொட்டப்புள்ள உடம்பு தாங்குமா?” என்று கேட்டவள்.

அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவள் கைகளை நான் பார்த்தேன். காய்க்கறை ஏறிய விரல்கள். பத்து மணி நேரம் மலைச்சரிவில் குனிந்து நிமிர்ந்த உடம்பு அது. மென்மை, மென்மை என்று நாம் ஓயாமல் சொல்லிவரும் பெண்ணுடம்பைக் கொண்டுதான் இம்மலையின் செல்வமெல்லாம் விளைகிறது. உழைப்புக்கு வலியதாய் இருக்கும் உடம்பு ஆட்டத்துக்கு மட்டும் மெல்லியதாய்ப் போவது எவ்வாறு? ஆனால், இப்படி மடக்கிப் பேசினால் தாய் வாயடைத்துப் போவாளேயன்றி, மனம் இசையமாட்டாள். அவள் அச்சத்தில் பாதி பழக்கத்தால் வந்தது, மறுபாதி உண்மையானது. இரண்டையும் பிரித்துக் காண்பதே நம் வேலை; தரம் பிரிக்கும் வேலை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கால்பந்து இம்மலைக்குப் புதிதன்று. போடிமெட்டுக்கு மேற்கே மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களில், 1941ஆம் ஆண்டு தொடங்கி, ஃபின்லே கேடயம் என்னும் கால்பந்துப் போட்டி நடந்து வருகிறது. தோட்டத்துக்கு ஓர் அணி. ஆடுவோர் தொழிலாளர். அவர்களுள் தமிழ் பேசும் குடும்பங்களைச் சேர்ந்தோரே மிகுதி. தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே மானப் போர் போலவே அப்போட்டி நடைபெறும். அத்தோட்டங்களில் கொழுந்து கிள்ளுவோர் பெரும்பாலும் பெண்கள். பந்தை உதைத்தோரோ ஆண்கள். கொழுந்து கிள்ளிய மகளிர் வரப்பில் நின்று கைதட்டினர். அவர்கள் கைதட்ட மட்டுமே பிறந்தவர்கள் அல்லர் என்பதை 2015ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நாடு கண்டது. மிகையூதியத்தை 20 விழுக்காட்டிலிருந்து பாதியாகக் குறைத்தபோது, அப்பெண்கள் ‘பெண்கள் ஒருமை’ என்று தம்மைத் தாமே அழைத்துக்கொண்டு, சங்கத் தலைவர்களையும் விலக்கி வைத்துவிட்டு, மூணாற்றுச் சாலையில் நாள்கணக்கில் அமர்ந்து, குறைத்ததை மீட்டனர். ஒன்றுகூடித் திட்டமிட்டு, ஒருவர் சோர்ந்தால் மற்றவர் தாங்கி, கலையாமல் நின்றனர். ஓர் அணி என்றால் இதுதான். பந்து ஒன்றுதான் குறை.

இனி, ‘பந்து நம் மரபில் பெண்ணுக்கு உரியதா?’ என்று கேட்கும் அறிஞர்களும் உளர். உரியதுதான். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கந்துகவரி என்றொரு பகுதி உண்டு. கந்துகம் என்பது பந்து. அது மகளிர் பந்தாடிப் பாடும் பாட்டு. பிற்காலத்தில் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியிலும் வசந்தவல்லி பந்தாடுகிறாள். இவற்றைக் காட்டி, ‘பார்த்தீர்களா, நம் பாட்டிமார் அன்றே ஆடினர்’ என்று பெருமை பேசுவாருடன் நான் முழுமையாக உடன்படவில்லை. அங்கே ஆடப்படுவது கைப்பந்து; ஓடிச்சென்று பிறரிடமிருந்து பறிக்கும் பந்து அன்று. மேலும், புலவரின் கண் பந்தின்மேல் இல்லை; ஆடுவாள் அழகின்மேல் இருக்கிறது. அவள் வென்றாளா, தோற்றாளா என்று அவர் எழுதவேயில்லை. இன்றைய மைதானத்தின் ஓரத்திலும் அப்படிப்பட்ட புலவர்கள் சிலர் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நிற்கத்தான் செய்கிறார்கள். பாட்டு மட்டும் எழுதுவதில்லை! அவர்களைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

‘பெண்ணுக்கு இவ்வாட்டம் ஒவ்வாது’ என்னும் தீர்ப்பு நம் ஊரில் பிறந்தது அன்று. ஆட்டத்தை உலகுக்கு அளித்த இங்கிலாந்திலேயே அது சட்டமாய் இருந்தது. முதல் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குச் செல்ல, ஆலைகளில் பெண்கள் வேலைக்கு அமர்ந்தனர். பிரெஸ்டன் நகரில் டிக் கெர் என்னும் ஆலையின் பெண்கள் ஓர் அணி அமைத்தனர். லில்லி பார் என்னும் சிறுமி பதினான்காம் வயதில் அவ்வணியில் சேர்ந்தாள். அவள் இடக்காலால் அடிக்கும் அடி பெயர் பெற்றது. 1920ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் லிவர்ப்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்கள் ஆடியதைக் காண 53,000 மக்கள் திரண்டனர். இடமின்றித் திரும்பியோர் பல்லாயிரவர். வசூலான பணம் அறப்பணிக்குச் சென்றது. மறு ஆண்டே, 1921 டிசம்பர் 5ஆம் நாள், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் இவ்வாட்டம் பெண்களுக்குப் பொருந்தாதது என்று கூறித் தன் கழகங்களின் மைதானங்களை அவர்களுக்கு அடைத்துவிட்டது. அத்தடை நீங்க ஐம்பது ஆண்டுகள் ஆயின. 53,000 பேர் பார்த்துக் களித்த ஓர் ஆட்டம் ஓராண்டுக்குள் உடம்புக்கு ஒவ்வாததாய்ப் போனதெப்படி? உடம்பு மாறவில்லை, போரிலிருந்து ஆண்கள் திரும்பியிருந்தனர். அவ்வளவுதான் நடந்தது.

நம் நாட்டிலும் தொடக்கம் மோசமாக இல்லை. 1975இல் பெண்களுக்கென்று தேசியக் கால்பந்துச் சம்மேளனம் ஒன்று தோன்றியது. 1980ஆம் ஆண்டு ஜனவரியில் நம் மலைக்கு அப்பாலுள்ள கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் இறுதியாட்டம் வரை சென்றனர். பின்னர் நெடுங்காலம் கவனிப்பார் இல்லை. அதன் விலையை நாம் 2022ஆம் ஆண்டு அக்டோபரில் கொடுத்தோம். பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கோப்பை நம் நாட்டில் நடந்தது. புவனேசுவரத்தில் முதல் ஆட்டத்தில் அமெரிக்கா நம்மை 8-0 என்று வென்றது. மொராக்கோ 3-0, பிரேசில் 5-0. நம் சிறுமியர் ஒரு கோலும் போடவில்லை. இதைக் கண்டு நகைத்தவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அமெரிக்காவில் 1972இல் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பொருளுதவி பெறும் கல்விக்கூடம் எதுவும் பெண்ணுக்கு வேறுபாடு காட்டலாகாது என்றது. அதற்கு முன்பு அந்நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளில் கால்பந்து ஆடிய பெண்கள் 700 பேர். 2018-19 கல்வியாண்டில் அவர்கள் தொகை 3,90,000-க்கு மேல். புவனேசுவரத்தில் நம்மை எதிர்த்து ஆடியது பதினொருவர் அல்லர், ஐம்பதாண்டுப் பள்ளிக்கூடங்கள்.

நம் அணியின் தலைவியாய் இருந்தவர் ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்துச் சிற்றூரைச் சேர்ந்த அஸ்தம் ஒராவ்ன். அவரைச் சிறப்பிக்கும் பொருட்டு அவ்வூருக்குச் சாலை போடப்பட்டபோது, அவருடைய பெற்றோரே அச்சாலையில் கூலி வேலை செய்ததாக நாளிதழ்கள் எழுதின. நான் இதைப் போடியில் சொல்லும்போதெல்லாம் தாய்மார் மறுமொழி கூறாமல் சிறிது நேரம் இருப்பார்கள்.

இனி, உண்மையான அச்சத்துக்கு வருகிறேன். அது முழங்கால். முழங்கால் மூட்டின் நடுவே குறுக்காக அமைந்த ஒரு கட்டுநார் உண்டு. தொடையெலும்பையும் கணுக்கால் நோக்கிச் செல்லும் கீழெலும்பையும் பிணைத்து நிற்பது அதுவே. ஓடிக்கொண்டே சட்டெனத் திரும்பும்போதும், எம்பிக் குதித்து ஒற்றைக்காலில் இறங்கும்போதும் அந்நார் அறுந்துபோவதுண்டு. பருவமெய்திய பெண்களுக்கு இக்கேடு அதே வயது ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக நேர்கிறது என்பது மருத்துவர் பலரும் கண்ட முடிவு. இடுப்பின் அமைப்பு, தசையின் வலிமை, குதித்திறங்கும் பழக்கம் எனக் காரணங்கள் பல கூறுகின்றனர். அறுந்தால் அறுவை மருத்துவம். மீண்டும் ஆட மாதங்கள் பல ஆகும். கூலி வேலை செய்யும் வீட்டுக்கு இது சிறிய செய்தியன்று. ‘விளையாட்டு உடம்புக்கு நல்லது’ என்று பொதுப்படச் சொல்லி இதனை மறைக்கும் ஆசிரியரை நான் நம்பமாட்டேன்.

ஆனால், இதற்கு மாற்றும் உண்டு, அது செலவில்லாதது. நார்வே நாட்டில் பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையுள்ள 1,892 பெண்களைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2008இல் வெளிவந்தது. ஆட்டத்துக்கு முன் முறையான உடல் தயாரிப்புப் பயிற்சி செய்த அணிகளில் கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. ஸ்வீடனில் பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரையுள்ள 4,564 பெண்களிடம் நடத்திய ஆராய்ச்சி 2012இல் வந்தது. வாரம் இருமுறை, ஒரு முறைக்குப் பதினைந்து நிமிடம் பயிற்சி. அவ்வளவில் நான் கூறிய அந்தக் கட்டுநார் அறுபடுவது 64 விழுக்காடு குறைந்தது. பயிற்சி என்றதும் இயந்திரங்களை எண்ணிவிடாதீர்கள். ஒற்றைக்காலில் நின்று மெல்ல மடங்கி எழுதல். மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துதல். முழங்கைகளை ஊன்றிப் பலகைபோல் உடம்பை நிறுத்துதல். காலை முன்னே அகல வைத்துத் தாழ்தல். எம்பிக் குதித்து, முழங்கால் உட்புறம் சாயாமல் இறங்குதல். இவற்றை வேப்பமரத்தடியிலும் செய்யலாம். முழங்கால் உள்நோக்கிச் சாய்கிறதா என்று பார்க்க ஒரு தோழியின் கண் போதும். பதினைந்து நிமிடம் பொறுக்காமல் நேரே பந்தை உருட்டிவிடும் ஆசிரியரே தாயின் அச்சத்தை மெய்ப்பிப்பவர்.

தலையால் பந்தை முட்டுவது பற்றியும் கேட்கிறார்கள். 2015இல் அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் பத்து வயதுக்குட்பட்டோர் தலையால் முட்டுவதை நிறுத்தியது. பதின்மூன்று வயது வரை பயிற்சியில் அளவு வைத்தது. நாமும் அவ்வாறே செய்வதில் குற்றமில்லை. தலையில் அடிபட்ட பெண்ணை அன்று மீண்டும் களத்தில் இறக்கலாகாது. ‘ஒன்றுமில்லை, ஆடுகிறேன்’ என்று அவளே சொன்னாலும் கேட்கலாகாது.

மாதவிலக்கைப் பற்றி வானொலியில் பேசுவது முறையா என்று சிலர் கருதலாம். பேசாமல் இருப்பதே முறையன்று. அந்நாள்களில் ஆடினால் கருப்பைக்குக் கேடு வரும் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. உடம்பு இசைந்தால் ஆடலாம். வலித்தால் ஓய்வு கொள்ளலாம். அதை ஆசிரியையிடம் காரணம் சொல்லாமலே கேட்கும் உரிமை வேண்டும். பள்ளி மாணவியர்க்கு விலையின்றி அணையாடை வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டரசு 2011இல் அறிவித்தது. மைதானத்துக்கு அருகே பூட்டுப் போடாத கழிப்பறையும் தண்ணீரும் இல்லையென்றால் அந்த அணையாடையால் பாதிப் பயனே உண்டு. இதைவிடப் பெரிய இடர் இரத்தச் சோகை. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்தில் பதினைந்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச் சோகை உடையோர். ஓடும்போது மூச்சிரைக்கும் பெண்ணைச் ‘சோம்பேறி’ என்று அதட்டுமுன், அவள் காலையில் என்ன உண்டாள் என்று கேளுங்கள். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கி எறியாமல் விழுங்குங்கள், தங்கைகளே. சத்துணவில் வரும் முட்டையைத் தம்பிக்கென்று பொதிந்து கொண்டு போகாதீர்கள். கேழ்வரகும் நிலக்கடலையும் முருங்கைக் கீரையும் போடிச் சந்தையில் கிடைக்காத பொருள்களா?

உடம்பைப் பற்றிய வழக்கு இவ்வளவில் தீர்ந்துவிடும். தீராத வழக்கு வேறு. அந்தத் தாய் என்னிடம் கடைசியாகக் கேட்டது உடம்பைப் பற்றியதன்று. “நான் வர ஏழு மணி ஆயிடும் டீச்சர். இவ விளையாடப் போயிட்டா, தண்ணி யாரு பிடிப்பா? சோறு யாரு ஆக்குவா?” என்றாள். நான் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று வினவினேன். பதினொன்றாம் வகுப்பில் ஒரு மகன் இருப்பதாகவும், அவன் மாலைதோறும் கிரிக்கெட் ஆடப் போய்விடுவதாகவும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவளே சிரித்துவிட்டாள்.

பெண்கள் ஆடலாமா என்னும் கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. மானம், மென்மை, மரபு என்று நாம் பேசுவனவெல்லாம் மேலே தெரியும் இலைகள். கீழே இருப்பது மாலை நான்கரை மணி முதல் ஆறு மணி வரையிலான ஒன்றரை மணி நேரம். அந்நேரம் யாருடையது? ஆணுக்கு அது விளையாட்டு நேரம். பெண்ணுக்கு அது அடுப்பு நேரம். கல்லூரியில் பயிலும் இளைஞர்களே, உங்கள் தங்கை பந்தாட வேண்டுமென்று மேடையில் சொற்பொழிவு ஆற்றவேண்டா. வாரத்தில் மூன்று நாள் குழாயடியில் குடத்தை நீங்கள் வையுங்கள். அந்த வீட்டு மகனும் சில நாள் முணுமுணுத்துவிட்டு அதைச் செய்தான் என்று கேள்விப்பட்டேன். சோறு சிறிது குழைந்துபோனதாகவும் சொன்னார்கள்!

பள்ளி அணியா, கழக அணியா என்னும் கேள்விக்கும் விடை கூறவேண்டும். பள்ளி அணி வீட்டுக்கு அருகில் இருப்பது, செலவில்லாதது, தாய் அறிந்த ஆசிரியர் நடத்துவது. குடியரசு நாள் போட்டிகள் வட்டாரத்திலிருந்து மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் படிப்படியாக அழைத்துச் செல்கின்றன. ஆனால், நம் பள்ளிகள் பலவற்றில் போட்டிக்குப் பத்து நாள் முன்னர்த்தான் பந்து அலமாரியை விட்டு வெளியே வருகிறது. பத்தாம் வகுப்பை எட்டியவுடன் உடற்பயிற்சி வகுப்பைக் கணக்காசிரியர் கடனாக வாங்கிக்கொள்கிறார். வாங்கிய கடனைத் திருப்பித் தந்த கணக்காசிரியரை நான் இதுவரை கண்டதில்லை. ஆண்டு முழுதும் ஆடவேண்டுமானால் கழகம் வேண்டும்.

கழகம் என்ன செய்யும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்றுகள் உள்ளன. 2004இன் ஆழிப்பேரலை அடித்த கடலூரில், பயிற்சியாளர் மாரியப்பன் சிறுமியர்க்குக் கால்பந்து கற்பித்து வந்தார். அங்கிருந்து எழுந்தவர்களுள் ஒருவர் இந்துமதி கதிரேசன். அவர் இந்திய அணியில் ஆடினார். தமிழ்நாட்டுக் காவல்துறையில் உதவி ஆய்வாளரும் ஆனார். 2020இல் பெருந்தொற்றால் ஊரடங்கு நிலவியபோது சென்னைத் தெருக்களில் காவற்பணி செய்தார். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள், பலமுறை கோப்பை வென்ற மணிப்பூரை 2-1 என்று வென்று, முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றனர். 2023இல் அமிர்தசரசில் ஹரியானாவை வென்று மீண்டும் பெற்றனர். நமக்கு இன்னும் அருகில் மதுரையில், 2016இல் தோன்றிய சேது கழகம் 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தை வென்றது. அவ்வணியின் பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த் என்னும் பெண்மணி. போடிக்கும் மதுரைக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நின்றிருந்த ரயில் 2023 ஜூன் முதல் மீண்டும் ஓடுகிறது. மிளகும் ஏலமும் போகும் வழியில் பெண்கள் அணி ஒன்றும் போய்வரலாம். மணிப்பூரின் ஓயினம் பேம்பேம் தேவி சிறுமியாய் இருந்தபோது, பையன்களோடு ஆடுவதற்காக ஆண் பெயர் ஒன்றைச் சூடிக்கொள்ளவேண்டியிருந்தது. பதினைந்தாம் வயதில் இந்தியாவுக்கு ஆடினார். 2020இல் பத்மஸ்ரீ விருது சொந்தப் பெயரிலேயே வந்தது.

கழகத்தைப் புகழ்ந்த வாயால் அதன் இடரையும் சொல்லவேண்டும். வெளியூர்ப் பயணம், விடுதித் தங்கல், வீட்டாரின் கண் எட்டாத இடம்: இவை கழகத்தில் உண்டு. 2022இல் பதினேழு வயதுக்குட்பட்ட நம் தேசியப் பெண்கள் அணி ஐரோப்பாவுக்குச் சென்றிருந்தபோது, துணைப் பயிற்சியாளர் ஒருவர் பாலியல் ஒழுங்கீனக் குற்றச்சாட்டின்மேல் நீக்கப்பட்டார். நாட்டின் அணிக்கே இது நேருமானால், ஊர் அணியைப் பற்றித் தாய் அஞ்சுவது அறியாமை ஆகாது. ஆகவே, நான் பெற்றோர்க்குக் கூறுவது இது: பெண்கள் அணியோடு ஒரு பெண் பொறுப்பாளர் எப்போதும் செல்லவேண்டும், பயிற்சியாளர் எவரும் ஒரு மாணவியைத் தனியே அழைக்கலாகாது, தங்கும் இடத்தின் முகவரி வீட்டில் இருக்கவேண்டும். இவற்றுக்கு இசையாத கழகம் எத்தனைக் கோப்பைகளை அடுக்கி வைத்திருந்தாலும் அங்கே பெண்ணை அனுப்பவேண்டா. மாணவியரே, தகாத சொல்லோ செயலோ நேர்ந்தால், ‘ஆட்டம் போய்விடுமே’ என்று அஞ்சி மறைக்காதீர்கள். குழந்தைகளுக்கென 1098 என்னும் தொலைபேசி எண் இருக்கிறது. 2012இன் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட உங்கள் பக்கம் நிற்கிறது.

சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நிற்பவர்களைப் பற்றிப் பின்னர்ச் சொல்வதாகக் கூறினேன். அவர்களுக்கு அஞ்சிப் பெண்கள் களத்தை விட்டுப் போவது பழைய வழக்கம். நாங்கள் கண்ட வழி வேறு: எல்லைக்கோட்டுக்கு வெளியே போகும் பந்தை எடுத்துத் தரும்படி அவர்களிடம் சொல்லிவிட்டோம். இரண்டு நாளில் பாதிப்பேர் போய்விட்டனர். எஞ்சியவர்கள் உண்மையாகவே ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினர். உடை பற்றிய பூசலும் அவ்வாறே. முழங்காலுக்குக் கீழ் இறங்கிய காற்சட்டையோ முழு நீளக் காற்சட்டையோ அணிந்து ஆடலாம். 2014 முதல் தலைமூடியும் உலக விதிகளால் இசைவு பெற்றிருக்கிறது. உடையைக் காரணம் காட்டி ஆட்டத்தை மறுப்பதற்கு இடமில்லை. வெயிலில் நிறம் மங்கும் என்பாரும் உளர். மங்கும், அதனால் என்ன?

ஆடிய பெண்களெல்லாம் இந்துமதி ஆகிவிடுவர் என்று நான் சொல்லவில்லை. பத்துப் பேரில் ஒருத்தி மாவட்ட அணிக்குப் போவாள். எஞ்சியோர் மணம் புரிந்து, வேலைக்குச் சென்று, பந்தை மறந்தும் போவர். 2025 ஜூலை 5ஆம் நாள் தாய்லாந்தின் சியாங்மாய் நகரில் நம் பெண்கள் தாய்லாந்தை 2-1 என்று வென்று, தகுதிச் சுற்றின் வழியே ஆசியக் கோப்பைக்குள் முதன்முறை நுழைந்தனர். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர் போட்டவை. அதைக் கேட்டு மகிழலாம். ஆனால், அதற்காக மட்டும் ஆடச் சொல்லமாட்டேன். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, ‘எனக்குக் கொடு!’ என்று மைதானத்தின் நடுவே உரக்கக் கூவிப் பந்தைக் கேட்கிறாளே, அந்தக் குரலை அவள் வீட்டிலும் வகுப்பிலும் கேட்டதில்லை. நான் ஆடச் சொல்வது அதற்காக.

இவ்வாண்டு அணி தொடங்க விரும்பும் பள்ளிகளுக்கு ஒரு சொல். பெரிய மைதானம் வேண்டுமென்று காத்திராதீர்கள். மலையடிவாரத்தில் சமநிலம் அரிது. கல் பொறுக்கிய சிறிய களத்தில் ஏழுபேர் அணியாகவே ஆடலாம். ஐந்தாம் எண் பந்து 410 முதல் 450 கிராம் எடை உள்ளது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுமியர்க்கு நான்காம் எண் பந்தே ஏற்றது. இரண்டு மூங்கில் கழி நட்டால் கோல். கோடைக்காலத்தில் காலை ஆறரை மணிக்கும், மற்ற மாதங்களில் பள்ளி விட்டவுடனும் தொடங்குங்கள். மலையிறங்கும் ஜீப்புகள் ஊருக்குள் வருமுன் ஆட்டம் முடிந்து, பெண்கள் வீடு சேர்ந்திருக்கவேண்டும். முதல் வாரம் கோல் போடுவதைப் பற்றிப் பேச்சே வேண்டா. இணை இணையாய் நின்று, உள்ளங்காலின் ஓரத்தால் பந்தை மெல்லத் தள்ளி, வருவதை நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, மீண்டும் தள்ளட்டும். நிமிர்ந்து பார்ப்பதுதான் கடினம். எல்லாரும் குனிந்து பந்தையே பார்ப்பார்கள். அதற்குப் பொறுமையாக ஒரு வாரம் கொடுங்கள்.